நோயாளியைத் தேடி வந்த ஆய்வுக்கூடம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் காவியமும் பேசப்பெறும் அவையில், தொற்றுநோயைக் கண்டறியும் சிறு கருவி ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மருத்துவத்தை வாழ்வின் புறத்தே நிறுத்தாமல், அறத்தோடும் பொருளோடும் இணைத்து எண்ணியது தமிழ் மரபு. திருக்குறளின் பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாக ‘மருந்து’ அமைந்திருப்பதே இதற்குச் சான்று. நோய் இன்னதெனத் தெளிதல், அது தோன்றிய காரணத்தைத் தெளிதல், அதனைத் தணிக்கும் வழியைத் தெளிதல், பின்னரே செயற்படுதல் என்னும் ஒழுங்கை அவ்வதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். அதன் இறுதிக் குறளில், நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்றார். இன்றைய கருவி ஒன்றை எடைபோட இவ்விரு கருத்துகளும் தக்க அளவுகோல்கள் ஆகும்.

பெயரறியாப் பிணி

கும்பகோணத்தில் நிகழும் இவ்வுரை, இவ்வூர் வளர்த்த ஒருவரின் நோயிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை இராமானுசன் 1914இல் இங்கிலாந்து சென்றார், 1917இல் நோய்வாய்ப்பட்டார். இரைப்பைப் புண் என ஒரு கருத்து எழுந்தது. ஈரலில் புற்று இருக்கக்கூடும் எனப் பிறிதோர் ஐயம் எழுந்தது. காசநோய் என்பதே மேலோங்கி நின்றது. காசநோய் விடுதிகளில் அவர் தங்கவைக்கப்பெற்றார். அவ்விடுதிகளுள் ஒன்றை நடத்தியவர் சௌரிமுத்து என்னும் இந்திய மருத்துவர். 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவரும் அவரே. 1919இல் தாயகம் திரும்பிய இராமானுசன், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

அந்நோயின் குறிப்புகளை 1994இல் மீண்டும் ஆராய்ந்த மருத்துவர் டி.ஏ.பி. யங், அது காசநோய் அன்று என்றும், அமீபா ஈரலைத் தாக்கியதால் விளைந்த நோயாக இருத்தல் கூடும் என்றும் கருத்துரைத்தார். காலம் கடந்து வந்த அக்கருத்தும் ஊகமே. ஆயினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. அமீபா நோய்க்கு எமெட்டின் என்னும் மருந்து அந்நாளிலேயே வழக்கில் இருந்தது. மருந்து உலகில் இருந்தும், நோயின் பெயர் தெளியாமையால் அது நோயாளியை அடையாமற் போயிருக்கலாம். நோயைத் தெளிதலை வள்ளுவர் முதற்படியாக வைத்ததன் காரணம் இங்கே விளங்குகின்றது. ‘இந்நோய் இது’ என்னும் விடையைப் போலவே, ‘இந்நோய் இது அன்று’ என்னும் விடையும் ஓர் உயிரைக் காக்க வல்லது.

விடைக்கும் நோயாளிக்கும் இடையே

காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் வெளியிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதே இந்நோயை அறியும் பெருவழியாக இருந்தது. எளிய முறையே எனினும் அதற்கொரு குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்றே விடை வரும். கிருமியை ஊட்டக் கலவையில் வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானது. ஆனால் இக்கிருமி மெல்ல வளர்வது. விடை வர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். எந்த மருந்துக்கு அது அடங்காது என்பதை அறிய மேலும் காலம் வேண்டும்.

வாரம் என்னும் சொல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு மட்டுமே. உழவு நாட்டில் அதன் பொருள் வேறு. திருப்பனந்தாள் பக்கத்துச் சிற்றூரில் நடவு வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல். முதல்நாள் சளி கொடுக்க ஒரு பயணம், மறுநாட்காலைச் சளியைக் கொண்டுசெல்ல ஒரு பயணம், விடை கேட்க மற்றொரு பயணம். ஒவ்வொரு பயணத்துக்கும் பேருந்துக் கட்டணம் ஒருபுறம். இழந்த கூலி மறுபுறம். சம்பா நடவு உச்சத்தில் இருக்கும் நாளில் மூன்றாம் பயணத்தை அவள் தள்ளிப் போடுவாள். அவளது அறியாமையை இதற்குக் காரணமாகக் கூறுதல் தகாது. வீட்டு உலை கொதிக்க வேண்டும் என்பதே காரணம். விடை வந்து காத்திருக்கும். கேட்க வேண்டியவள் வயலில் இருப்பாள். இடைப்பட்ட நாள்களில் நோய் அவள் குழந்தைகளின் மூச்சுக்குள்ளும் புகுந்துவிடக் கூடும்.

சென்னை உலகுக்குச் சொன்னது

இவ்விடத்தில் தமிழகம் பெருமையோடு நினைக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் வேதி மருத்துவ ஆய்வு மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை அதில் கைகோத்தன. காசநோயாளியை விடுதியில் ஓராண்டு தங்கவைத்தாலன்றிக் குணப்படுத்த இயலாது என்பது அன்றைய கொள்கை. அம்மையத்தார் ஒரு பகுதி நோயாளிகளுக்கு விடுதியிலும், மற்றொரு பகுதியினர்க்கு நெருக்கமும் வறுமையும் மிக்க அவர்தம் வீடுகளிலேயும் அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. வீட்டில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களுக்கு இணையாகவே குணமடைந்தனர். வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தார்க்குத் தொற்று மிகவும் இல்லை. உலகெங்கும் காசநோய் விடுதிகளின் காலம் முடிவுக்கு வர இவ்வாய்வு வழிகோலியது.

மருந்து அவ்வாறு வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் நோயைத் தெளியும் ஆய்வு மட்டும் நகரத்துக் கட்டடத்திலேயே தங்கிவிட்டது.

ஆய்வு வீடு தேடி வருவது இப்பகுதிக்குப் புதிதன்று. யானைக்கால் நோய் கும்பகோணத்தை நெடுங்காலம் வாட்டியது. அந்நோயின் நுண்புழுக்கள் பகலில் உடலின் உட்பகுதியில் ஒடுங்கி, இரவில்தான் மேலோட்டமான இரத்தத்தில் உலவும் இயல்பின. ஆதலின் 1955இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பணியாளர்கள் இரவில் விளக்குடன் தெருத்தெருவாகச் சென்று, விரல்நுனியில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தனர். நோயின் இயல்பு கட்டளையிட்டதால் ஆய்வு நோயாளியிடம் வந்தது. நோயாளியின் வாழ்நிலையும் அவ்வாறு கட்டளையிட உரிமை உடையது அன்றோ?

இரட்டிக்கும் இழை

அவ்வுரிமைக்கு அறிவியல் விடையளிக்கத் தொடங்கியது, மரபணுவைப் பெருக்கும் வித்தை கைவந்தபின்னரே. ஒவ்வோர் உயிரிக்கும் அதற்கே உரிய மரபணு எழுத்து வரிசை உண்டு. காசநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு வரியைச் சளியில் தேடிக் கண்டால், கிருமியைக் கண்டதாகவே கொள்ளலாம். ஆனால் அவ்வரி மிகச் சிறிது. படிகள் சில இருப்பின் கண்டறிதல் அரிது. 1983இல் அமெரிக்க வேதியியலறிஞர் கேரி மல்லிஸ் இதற்கு வழி கண்டார். மரபணு இழையைச் சூடேற்றினால் அதன் இரு புரிகளும் பிரியும். ஆற்றினால் தேடும் வரியில் சிறு தொடக்க இழை ஒன்று ஒட்டும். அதன்மேல் நொதி புதிய புரியைக் கட்டும். ஒன்று இரண்டாகும், மீண்டும் சூடேற்றி ஆற்றினால் இரண்டு நான்காகும். முப்பது சுற்றில் ஒரு படி 107 கோடியாகப் பெருகும். பி.சி.ஆர். எனப் பின்னர் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்ட முறை இதுதான். இதற்காக மல்லிஸ் 1993இல் நோபல் பரிசு பெற்றார்.

வித்தை கைவந்தும் அது பெரிய ஆய்வுக்கூடத்துக்கே உரியதாக இருந்தது. தனித்தனி அறைகள், குளிர்பதனப் பெட்டிகள், தடையற்ற மின்சாரம், பயின்ற வல்லுநர் ஆகிய அனைத்தும் வேண்டியிருந்தன. இந்நிலையை மாற்றியது நுண்பாய்மவியல் என்னும் துறை. தலைமயிர் அளவேயான வாய்க்கால்களில், கண்ணுக்குப் புலப்படாச் சிறு அளவு நீர்மங்களை ஓட்டியும் நிறுத்தியும் கலந்தும் ஆளும் கலை இது. 1990இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் என்னும் அறிஞர், ஓர் ஆய்வுக்கூடத்தின் வேலைகள் அனைத்தையும் சிறு தகட்டில் அடக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார்.

காவிரிப் படுகையினர்க்கு இதனை விளக்குதல் எளிது. வெள்ளமாக வரும் ஆறு கல்லணையில் பிரிந்து, கிளையாறாகி, வாய்க்காலாகி, மடை வழியே வயலை அடைகின்றது. ஆற்றில் சுழலும் நீர் வாய்க்காலில் அடங்கி, மடை திறந்த அளவே பாய்கின்றது. நுண்வாய்க்காலிலும் அவ்வாறே. அங்கே சுழலும் குமுறலும் இல்லை. வேண்டிய அளவு, வேண்டிய இடத்துக்குச் செல்லும். இன்னொரு நன்மையும் உண்டு. அண்டாத் தண்ணீர் கொதிக்க நேரமாகும். கரண்டித் தண்ணீர் நொடியில் கொதிக்கும். துளி சிறிதாயின் சூடேறலும் ஆறலும் விரைவு, சுற்றுகளும் விரைவு, விடையும் விரைவு.

கைப்பெட்டியில் அடங்கிய கூடம்

இவ்வழியில் அமெரிக்காவின் செஃபீட் நிறுவனம் உருவாக்கிய ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைக் காசநோய்க்குப் பயன்படுத்த உலக நலவாழ்வு நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்தது. மூடிய உறை ஒன்றினுள்ளேயே எல்லாம் நிகழ்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை வரும். ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அது கூறும். பெரும் முன்னேற்றமே எனினும், நிலையான மின்சாரமும் 30 பாகைக்கு மிகாத வெப்பமும் அதற்குத் தேவைப்பட்டன. கத்திரி வெயிலில் மின்விசிறியும் நின்றுபோகும் ஊர்ப்புற நிலையத்துக்கு அது எளிதில் பொருந்தவில்லை.

அக்குறையை மனத்துட்கொண்டு பிறந்தது இந்தியக் கருவி. பெங்களூரில் பிக்டெக் என்னும் ஆய்வு நிறுவனத்தில், சந்திரசேகர் நாயர் முதலானோர் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் உழைத்து இதனை உருவாக்கினர். கோவாவைச் சார்ந்த மோல்பயோ நிறுவனம் ‘ட்ரூநாட்’ என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. மின்கலத்தால் இயங்கும் இக்கருவியைக் கையில் தூக்கிச் செல்லலாம்.

அதன் செயல்முறை இரு பகுதிகளாக அமைந்தது. முதலில், சளியை நீர்க்கச் செய்து, கிருமியின் உறையை உடைத்து, ஓர் உறையில் ஊற்றுவர். அதனுள் நீர்மங்கள் தாமே ஓடி, மரபணுவைப் பிடித்து நிறுத்தி, அழுக்கைக் கழுவி, தூய மரபணுவை மட்டும் வெளியே தரும். அடுத்து, அதிலிருந்து ஆறு மைக்ரோலிட்டர் அளவை, கட்டைவிரல் நகத்தை நினைவூட்டும் சிறு சில்லின் குழியில் இடுவர். வேண்டிய வேதிப்பொருள்கள் உலர்நிலையில் இருப்பதால் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. சில்லின் அடியிலேயே சூடேற்றும் இழையும் வெப்பமறியும் பகுதியும் உள்ளன. சுற்றுகள் நிகழ நிகழ, தேடிய வரி இருப்பின் ஒளி மிகும். கருவி அதனைக் கண்டு அறிவிக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை வந்துவிடும். காசநோய் உண்டென்று அறிந்தால், மற்றொரு சில்லில் இட்டு, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதை மேலும் ஒரு மணி நேரத்தில் அறியலாம்.

இந்தியா, எத்தியோப்பியா, பெரு, பாப்புவா நியூ கினி ஆகிய நான்கு நாடுகளில் இக்கருவி சோதிக்கப்பெற்றது. சென்னை ஆய்வின் முடிவு வெளிவந்து ஏறத்தாழ அறுபதாண்டு கழித்து, 2020இல், உலக நலவாழ்வு நிறுவனம் இதனையும் காசநோய்க்குரிய முதல் ஆய்வுகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, வேறு சில்லை இட்டு அந்நோயை அறியவும் இந்தியாவின் பல பகுதிகளில் இதே பெட்டி பயன்பட்டது. உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழக் கால் பங்கினரைக் கொண்ட நாடு, தன் வெயிலையும் மின்தடையையும் கணக்கில் கொண்டு, தன் நோய்க்குத் தானே செய்துகொண்ட கருவி இது. நடவுப் பெண்ணின் மூன்று பயணங்களையும் ஒரே வருகையாகச் சுருக்க வல்லது என்பதே இதன் சிறப்பு.

பெட்டியால் ஆகாதவை

சிறப்பைச் சொன்ன நாவால் எல்லையையும் சொல்லுதல் நேர்மை. சிறு குழந்தைகளால் சளியை உமிழ இயலாது. அவர்தம் நோயை அறிதல் இன்றும் கடினமே. சில்லு தீர்ந்தால் பெட்டி வெறும் பெட்டி. ‘இல்லை’ என்னும் விடை எப்போதும் முழு உறுதி தருவதன்று. மருத்துவரின் கண்ணும் கருத்தும் அதனோடு சேர வேண்டும். மேலும், விடை ஒரு மணி நேரத்தில் வந்தாலும் மருத்துவம் ஆறு மாதம் நடக்க வேண்டியது. மருந்துக்கு அடங்காக் கிருமியாயின் அதன் வழி வேறு. அத்தனை நாளும் உண்ண உணவு வேண்டும். காசநோயாளிகளின் ஊட்டத்துக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பெற்ற அரசு உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆயிற்று. கூலி இழந்த குடும்பத்துக்கு அது ஊன்றுகோல். முழு வாழ்வும் அன்று.

தமிழ்நாடு இதில் ஒருபடி மேற்சென்றது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் உறுதியானவரை அப்படியே மாத்திரையோடு அனுப்பிவிடாமல், உடல் மெலிவு, மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, காலில் வீக்கம், பிறர் துணையின்றி நிற்க இயலுமா என்பன போன்ற எளிய குறிகளை நலப்பணியாளர் பார்க்கின்றனர். நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. அருகே அமர்ந்து, முகம் பார்த்து, கேட்பவர் ஒருவர் வேண்டும். வள்ளுவர் நான்காம் உறுப்பாக வைத்த அருகிருப்பவர் அவரே. கருவி எத்துணை விரைந்தாலும் அவர் இடத்தை நிரப்பாது. அவர் கைக்கு வலிமை சேர்க்கும், அவ்வளவே.

சொல்லால் ஆக வேண்டியது

இவ்வவைக்குரிய பணியும் இங்கேதான் உள்ளது. இந்நோய்க்குத் தமிழில் பெயர்கள் பல. இருமலைச் சுட்டிக் காசம் என்றனர். தேய்வைச் சுட்டிச் சயம் என்றனர். என்புருக்கி, எலும்புருக்கி என்றும் வழங்கினர். மருந்து இல்லாத காலத்து அச்சம் அச்சொற்களில் உறைந்து கிடக்கின்றது. இன்று நோய் குணமாகிறது. ஆனால் சொல்லின் அச்சம் குணமாகவில்லை. ‘அந்த நோய்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லித் திருமணப் பேச்சை முறிப்பவரும், தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்குபவரும் இன்றும் உளர். உண்டு பருகும் கலத்தால் இந்நோய் பரவாது. காற்றால் பரவுவது என்னும் உண்மை சொல்லப்பெறவேண்டிய முறையில் சொல்லப்பெறவில்லை.

ஆய்வுச் சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. ‘பாசிட்டிவ்’ என்னும் சொல்லை நற்செய்தியென எண்ணி மகிழ்ந்து, பின்னர் உண்மை அறிந்து கலங்குதல் எளிதில் நேரக்கூடியது. ஒரு மணி நேரத்தில் கிடைத்த விடை, புரியாத சொல்லில் தரப்பெற்றால், அது இன்னும் நோயாளியை அடையவில்லை என்றே கொள்ள வேண்டும். ‘கிருமி இருக்கிறது; மருந்து இருக்கிறது; விடாமல் உண்டால் குணமாகும்; வீட்டாரையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்’ என்னும் நான்கு சிறு தொடர்களை, அச்சுறுத்தாமலும் பொய்யுரைக்காமலும் சொல்லும் தமிழ், நலப்பணியாளர்க்கு வேண்டும். நுண்பாய்மவியல், மரபணுப் பெருக்கம், சில்லு எனக் கலைச்சொல் ஆக்குவது ஒரு பணி. நோயுற்றவர் தலைகுனியாமல் கேட்கத்தக்க சொற்களை ஆக்குவது அதனினும் பெரிய பணி. முதற்பணியை அறிஞர்கள் செய்வர். இரண்டாம் பணிக்குக் கவிஞர்களின் செவி வேண்டும். எந்தச் சொல் எந்த நெஞ்சைச் சுடும் என்பதை அறிந்த செவி அது.

பெயரறியாப் பிணியோடு ஒரு மேதை கடல் கடந்து மீண்டதற்கும், ஒரு துளியில் ஒரு மணி நேரத்தில் விடை வருவதற்கும் இடையே நூறாண்டு கழிந்துள்ளது. அறிவியல் அத்தொலைவைக் கடந்து, கைப்பெட்டி அளவில் ஊர்ப்புற நலவாழ்வு நிலையம் வரை வந்து நிற்கின்றது. அந்நிலையத்திலிருந்து நோயாளியின் மனம் வரை உள்ள சிறு தொலைவைக் கடக்க வேண்டியது தமிழ். பத்தாண்டுகளாகத் தமிழைப் பேணி வந்த இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் அப்பணியிலும் தோள் கொடுக்குமாக.